திடலோரம் நிற்கும் பிள்ளை
சிறுவர்களின் உடலியக்கத் திறனில் உணர்வுகளின் பங்கு

முன்னுரை

ஆசிரியர் பயிற்சியில் இருப்பவர்களுக்கும் கல்வித்துறையில் பயில்பவர்களுக்கும் தேசியக் கல்வித் தத்துவம் நன்கு பழகிய ஒன்று. 1988இல் வரையறுக்கப்பட்டு 1996இல் திருத்தம் கண்ட அத்தத்துவம், அறிவு, ஆன்மிகம், மனவெழுச்சி, உடல் ஆகிய நான்கும் ஒன்றிணைந்து சமநிலையோடு வளர வேண்டும் என்கிறது. தேர்வுக்காக நாம் இந்நான்கையும் மனனம் செய்கிறோம். ஆனால், பள்ளி நடைமுறையில் அவற்றைப் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டோம். அறிவு கணிதத்திற்கும் அறிவியலுக்கும் போனது. ஆன்மிகம் நன்னெறிக் கல்விக்குப் போனது. மனவெழுச்சியை ஆலோசக ஆசிரியர் பார்த்துக்கொள்வார். உடலை உடற்கல்வி ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

திடலில் நிற்கும் எட்டு வயதுப் பிள்ளையிடம் இந்தப் பிரிவினை செல்லுபடியாகாது. பந்து தன்னை நோக்கி வரும்போது அப்பிள்ளையின் கண், கை, கால் எல்லாம் இயங்குகின்றன. கூடவே, ‘விட்டுவிட்டால் சிரிப்பார்களே’ என்ற எண்ணமும் இயங்குகிறது. அந்த எண்ணம் கையின் வேலையில் நேரடியாகத் தலையிடுகிறது. பிள்ளை எதைக் கவனிக்கிறது, தசைகளை எப்படி வைத்துக்கொள்கிறது, எத்தனை முறை முயல்கிறது என்ற மூன்றையும் அதன் உணர்வுநிலை பாதிக்கிறது. ஒரு திறன் கைவருவதும் வராமல் போவதும் பெரும்பாலும் இந்த மூன்றைச் சார்ந்தவை. இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உடலியக்கத் திறன் எவ்வாறு கைவருகிறது?

உடலியக்கத் திறன்களை இரு வகையாகப் பிரிப்பர். ஓடுதல், தாவுதல், எறிதல், பிடித்தல், நீந்துதல் போன்றவை பெருந்தசைகளைப் பயன்படுத்தும் திறன்கள். எழுதுதல், கத்தரித்தல், பொத்தான் மாட்டுதல், காலணிக் கயிறு கட்டுதல் போன்றவை விரல்களின் சிறு தசைகளைச் சார்ந்த நுண்திறன்கள்.

இவை கற்கப்படும் முறையை ஃபிட்ஸ், போஸ்னர் என்னும் இரு உளவியலாளர்கள் 1967இல் மூன்று கட்டங்களாக விளக்கினர். முதல் கட்டத்தில் கற்பவர் ஒவ்வோர் அசைவையும் யோசித்துச் செய்கிறார். தவறுகள் மிகுதியாக வரும். இரண்டாம் கட்டத்தில் அசைவுகள் ஒன்றோடொன்று இணைகின்றன, தவறுகள் குறைகின்றன. மூன்றாம் கட்டத்தில் திறன் தானாக இயங்குகிறது. மனம் வேறெங்கோ இருந்தாலும் கை தன் வேலையைச் செய்யும். மிதிவண்டி ஓட்டிக்கொண்டே நண்பனோடு பேசிச் செல்லும் சிறுவன் மூன்றாம் கட்டத்தில் இருக்கிறான். கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, “விடாதீங்கப்பா, விடாதீங்கப்பா” என்று கத்தும் அவன் தங்கை முதல் கட்டத்தில் இருக்கிறாள்.

தவறுகள் மிகுதியாக வரும் கட்டமே முதலில் வருகிறது என்பதை இங்கே நாம் கவனிக்க வேண்டும். அக்கட்டத்தைத் தாண்டாமல் யாரும் அடுத்த கட்டத்திற்குப் போக முடியாது. ஆகவே, தவறு செய்ய அஞ்சும் பிள்ளை வாசலிலேயே நின்றுவிடுகிறது. கணிதத்தில் தவறு செய்தால் அது பயிற்சிப் புத்தகத்திற்குள் இருக்கும். திடலில் செய்யும் தவற்றை வகுப்பே பார்க்கும்.

தாயின் முகமும் குழந்தையின் காலும்

உணர்வு உடலை நடத்துகிறது என்பதற்கு மிக இளம் வயதிலேயே சான்று கிடைக்கிறது. உயரத்தைக் குழந்தைகள் எப்படி உணர்கிறார்கள் என்பதை அறிய கிப்சன், வாக் என்னும் ஆய்வாளர்கள் ஒரு கண்ணாடி மேசையை அமைத்து, 1960இல் தங்கள் ஆய்வை வெளியிட்டனர். மேசையின் ஒரு பாதியில் கண்ணாடிக்கு நேர்கீழே கட்டம் போட்ட துணி இருக்கும். மறு பாதியில் அத்துணி ஆழத்தில் இருக்கும். தவழ்ந்து வரும் குழந்தைக்கு அங்கே ஒரு பள்ளம் இருப்பதுபோல் தோன்றும்.

1985இல் சோர்ஸ் முதலிய ஆய்வாளர்கள் இதே மேசையில் ஒரு வயதுக் குழந்தைகளை வைத்து வேறொன்றைச் சோதித்தனர். பள்ளத்தின் ஆழம் சுமார் 30 சென்டிமீட்டராகத் தோன்றும்படி அமைக்கப்பட்டது; போகலாமா வேண்டாமா என்று குழந்தை தயங்கும் ஆழம் அது. எதிர்ப்பக்கத்தில் தாய் நின்றார். அவர் பேசக்கூடாது, முகத்தில் மட்டும் உணர்வைக் காட்ட வேண்டும். தாய் மகிழ்ச்சியான முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 குழந்தைகள் தவழ்ந்து கடந்துவிட்டன. தாய் அச்ச முகம் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒன்றுகூடக் கடக்கவில்லை.

இரு நிலைகளிலும் மேசையும் ஆழமும் ஒன்றே. எதிரே இருந்த முகம் மட்டும் மாறியது. பேச்சு வராத குழந்தையே பெரியவரின் முகத்தைப் படித்துத் தன் உடலை நிறுத்திக்கொள்கிறது என்றால், ஏழு, எட்டு வயதுப் பிள்ளை ஆசிரியரின் புருவத்தையும், பெற்றோரின் பெருமூச்சையும், நண்பர்களின் சிரிப்பையும் எவ்வளவு துல்லியமாகப் படிக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அச்சம் உடலுக்குள் செய்யும் வேலை

அச்சம் ஏற்படும்போது இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலெழும்புகிறது, தசைகள் இறுகுகின்றன. ஆபத்திலிருந்து தப்பியோட இவை உதவும். ஆனால், ஒரு புதிய அசைவை நிதானமாகக் கற்றுக்கொள்ள இவை இடையூறாகின்றன.

முதலாவதாக, தசை. புதிய திறனைக் கற்பவர் தம் மூட்டுகளை விறைப்பாக வைத்துக்கொள்வார் என்பதை ரஷ்ய அறிஞர் பெர்ன்ஸ்டைன் விளக்கியிருக்கிறார். கட்டுப்படுத்த வேண்டிய அசைவுகளைக் குறைத்துக்கொள்ள உடல் கையாளும் வழி அது. பழகப் பழக மூட்டுகள் ஒவ்வொன்றாகத் தளரும், அசைவு இலகுவாகும். அச்சம் இத்தளர்வைத் தள்ளிப்போடுகிறது. நீச்சல் குளத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். பயந்த பிள்ளை தண்ணீருக்கு மேலே தலையை உயர்த்திக்கொள்ளும். தலை உயர்ந்தால் இடுப்பும் காலும் கீழே இறங்கும். கால் இறங்கியதும் பயம் கூடும். பயம் கூடியதும் தலை இன்னும் உயரும். மிதப்பதற்குத் தேவையான ஒரே காரியம் உடலைத் தளர்த்துவது. பயந்த உடலால் செய்ய முடியாததும் அதுவே.

இரண்டாவதாக, கவனம். அச்சத்தில் கவனம் குறுகி, ஆபத்தின்மேல் ஒட்டிக்கொள்கிறது. மிதிவண்டி பழகும் பிள்ளை சாலையோரக் கால்வாயைப் பார்த்துப் பயந்தால், கால்வாயையே பார்த்துக்கொண்டு கால்வாயை நோக்கியே போகும். முகத்தில் பந்து படுமோ என்று அஞ்சும் பிள்ளை, பந்து அருகில் வரும் கடைசி நொடியில் கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பந்தைப் பிடிக்க எந்த நொடியில் கண் தேவையோ அந்த நொடியில் கண் இல்லை. “பந்தைப் பாரு! பந்தைப் பாரு!” என்று நாம் கத்துகிறோம். பார்க்கத் தெரியாததால் அது பார்க்காமல் இருக்கவில்லை. பார்க்க விடாமல் அச்சம் தடுக்கிறது.

வெட்கமும் முயற்சிகளின் எண்ணிக்கையும்

அச்சத்தைவிட அமைதியாக வேலை செய்வது வெட்கம். அச்சம் அசைவைக் கெடுக்கிறது. வெட்கம் அசைவே நிகழாமல் செய்துவிடுகிறது.

சிறு கணக்கு ஒன்றைப் பார்ப்போம். முப்பது நிமிட உடற்கல்விப் பாடம், முப்பது மாணவர்கள், ஒரே ஒரு பந்து. அனைவரும் வரிசையில் நின்று முறை வைத்துச் செய்தால் ஒருவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடம். வெட்கப்படும் பிள்ளை, தன் முறை வரும்போது மெல்லப் பின்னால் நகர்ந்து இன்னொருவருக்கு வழிவிடும். “கழிவறைக்குப் போகிறேன், ஆசிரியரே” என்று கேட்கும். “கால் வலிக்கிறது” என்று சொல்லும். அதற்குக் கிடைக்கும் பயிற்சி நேரம் சுழியமாகிறது. ஆண்டு முழுவதும் இப்படியே போனால், ஆர்வமுள்ள பிள்ளை நூற்றுக்கணக்கான முறை பந்தைத் தொட்டிருக்கும். இப்பிள்ளை பத்து முறைகூடத் தொட்டிருக்காது. ஆண்டிறுதியில் இருவரையும் ஒப்பிட்டு, “அவனுக்கு இயற்கையிலேயே திறமை இருக்கிறது; இவனுக்கு வராது” என்று தீர்ப்பளிக்கிறோம். முயற்சிகளின் எண்ணிக்கையை யாரும் எண்ணுவதில்லை.

இந்தச் சுழல் எந்த வயதில் தொடங்குகிறது? ஸ்டோடனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். மிக இளம் பிள்ளைகள் தம் திறமையை மிகைப்படுத்தியே எண்ணுவர். நான்கு வயதுப் பிள்ளையிடம் “நீ வேகமாக ஓடுவாயா?” என்று கேட்டால், “நான்தான் எல்லாரையும்விட வேகம்!” என்று சொல்லும். இந்த நம்பிக்கை பயனுள்ளது. விழுந்தாலும் எழுந்து மீண்டும் ஓட வைக்கிறது. தொடக்கப்பள்ளி ஆண்டுகளில் பிள்ளைகள் தம்மை மற்றவர்களோடு ஒப்பிடத் தொடங்குகின்றனர். தம் உண்மையான நிலை அவர்களுக்குத் தெரிகிறது. திறன் குறைந்தவர்கள் தம்மைக் குறைவாக எண்ணி ஒதுங்குகின்றனர். ஒதுங்குவதால் திறன் இன்னும் பின்தங்குகிறது. திறன் உள்ளவர்கள் மேலும் விளையாடி மேலும் வளர்கின்றனர். அதாவது, நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களின் கையில் பிள்ளைகள் இருக்கும் அதே ஆண்டுகளில்தான் பாதை இரண்டாகப் பிரிகிறது.

இங்கே நம் சிறிய தமிழ்ப்பள்ளிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நூற்றைம்பதுக்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளிகள் குறைந்த மாணவர் பள்ளிகள் என வகைப்படுத்தப்படுகின்றன. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. இதை நாம் குறையாகவே பேசிப் பழகிவிட்டோம். நான் பயின்றதும் அப்படிப்பட்ட ஒரு பள்ளியே. எங்கள் வகுப்பில் பதினொரு பேர். அஞ்சல் ஓட்டத்திற்கு ஓர் அணி சேர்ப்பதற்கே ஏறக்குறைய அனைவரும் தேவைப்பட்டனர். மெதுவாக ஓடுபவரும் ஓடியே ஆக வேண்டும். பிடிக்கத் தெரியாதவரும் பிடித்தே ஆக வேண்டும். கோட்டை விட்டால் சிரிப்பு எழும். ஆனால், அடுத்த ஆட்டத்திலும் அவரை அழைத்தாக வேண்டும். பந்தை நன்றாக எறியக்கூடிய தோழி ஒருத்தி எங்களோடு இருந்தாள். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது, நாற்பது பேர் கொண்ட வகுப்பு, முன்பின் அறியாத முகங்கள், மலாய்மொழியில் விரைவாக வந்து விழும் கட்டளைகள். முதலாம் படிவம் முடிவதற்குள் அவள் திடலோரத்தில் நிற்பவளாகிவிட்டாள். அவளுடைய கையில் இருந்த திறன் சில மாதங்களில் மறைந்துவிடவில்லை. ‘நான் இங்கே தேவைப்படுகிறேன்’ என்ற உணர்வே மறைந்தது. அவ்வுணர்வைச் சிறிய பள்ளி தன்னை அறியாமலேயே தந்திருக்கிறது என்பதை இன்று நான் உணர்கிறேன்.

எழுதுகோல் பிடிக்கும் கை

உடலியக்கத் திறன் என்றவுடன் திடல்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால், முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு மிகக் கடினமான உடலியக்கத் திறன் வகுப்பறையில் காத்திருக்கிறது. அதுதான் கையெழுத்து.

தமிழ்ப்பள்ளியில் பயிலும் ஆறேழு வயதுப் பிள்ளை, தமிழ் எழுத்துகளையும், மலாய், ஆங்கிலப் பாடங்களுக்குரிய உரோமன் எழுத்துகளையும் ஒரே காலத்தில் பழகுகிறது. தமிழ் எழுத்துகள் வளைவும் சுழியும் நிறைந்தவை. இரண்டு சுழி ‘ன’, மூன்று சுழி ‘ண’. ‘இ’, ‘ஐ’, ‘ஞ’ என ஒவ்வொன்றும் விரல்களுக்கு ஒரு நடனம். வளைவை எழுத விரல்கள் தளர்ந்திருக்க வேண்டும். திட்டு வாங்கிய பிள்ளையின் விரல்கள் இறுகும், எழுதுகோல் முனை தாளில் ஆழப் பதியும், முனை உடையும். அழித்து அழித்துத் தாள் கிழியும். கிழிந்த தாளுக்கு மீண்டும் திட்டு விழும். சிறிது நேரத்தில் கை வலிக்கும், எழுதுவதே வெறுப்பாகும். பின்னாளில் அப்பிள்ளை கட்டுரைப் பாடத்தில் அரைப்பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும்போது, “இவனுக்குக் கருத்து இல்லை” என்கிறோம். கருத்து இருந்திருக்கலாம், அதை எழுத்தில் இறக்கும் கை முன்பே சோர்ந்துவிட்டது.

நம் முன்னோர் வைத்திருந்த ஏடு தொடக்கும் வழக்கத்தை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். விசயதசமியன்று பெரியவர் மடியில் குழந்தையை அமர்த்தி, தட்டில் பரப்பிய அரிசியில் அதன் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைப்பர். அரிசியில் எழுதினால் முனை உடையாது, தாள் கிழியாது. தவறினால் கையால் தடவிவிட்டு மீண்டும் எழுதலாம். சுற்றிலும் மகிழ்ந்த முகங்கள். முதல் எழுத்து, அச்சமில்லாத இடத்தில் எழுதப்பட்டது. சடங்கை வைத்துக்கொண்டோம், அதன் மனநிலையை மறுநாளே வகுப்பறையில் மறந்துவிடுகிறோம்.

அடியாத மாடு படியாதா?

“அடியாத மாடு படியாது” என்ற பழமொழியை முன்வைத்து, கண்டிப்பு இல்லாமல் எதுவும் கைவராது என்று வாதிடுவோர் உண்டு. இவ்வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. யெர்க்ஸ், டோட்சன் என்னும் இருவர் 1908இல் எலிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தனர். தவறான வழியில் போகும் எலிக்குச் சிறு மின்னதிர்ச்சி தரப்பட்டது. வேறுபாட்டை எளிதில் கண்டறியக்கூடிய பணியில், அதிர்ச்சி கூடக்கூட எலி விரைவாகக் கற்றது. வேறுபாட்டைக் கண்டறிவது கடினமானபோதோ, நடுத்தர அதிர்ச்சியே சிறந்த பலன் தந்தது. கடும் அதிர்ச்சி கற்றலைத் தாமதப்படுத்தியது.

எலிக்குக் கண்டது அப்படியே பிள்ளைக்கும் பொருந்திவிடாது. ஆயினும், பொதுவான பாடம் திடலிலும் காணக்கூடியதே. நன்கு பழகிய எளிய செயலுக்குச் சற்றுப் பதற்றம் உதவலாம். விளையாட்டுப் போட்டியன்று, தன் இல்லத்தார் கைத்தட்டும்போது பிள்ளை இன்னும் வேகமாக ஓடுகிறது அல்லவா? ஆனால், புதிய, நுட்பமான செயலைக் கற்கும் முதல் கட்டத்தில் அதே பதற்றம் கெடுதலாகிறது. போட்டிக்குரிய சூட்டைப் பயிற்சியின் முதல் நாளிலேயே மூட்டுவதுதான் நாம் செய்யும் பிழை.

இதற்கு மாற்றாக எல்லாவற்றுக்கும் “சபாஷ்” சொல்வதும் மருந்தாகாது. ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை எதிலிருந்து வருகிறது என்பதை பண்டூரா 1977இல் நான்காக வகுத்தார்: தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைக் காண்பது, பிறர் தரும் ஊக்கச் சொல், தன் உடலிலும் மனத்திலும் உணரும் நிலை. இவற்றுள் மிக வலிமையானது முதலாவது. பந்தைப் பிடிக்காத பிள்ளைக்கு “நன்று” என்று சொன்னால், அது பொய் என்று அதற்கே தெரியும். பிடிக்கக்கூடிய பந்தைக் கொடுத்தால், சொல்லே தேவைப்படாது.

நாம் செய்யக்கூடியவை

“ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற” என்பதும் நம் பழமொழிதான். பெரும் செலவின்றிச் செய்யக்கூடிய சிலவற்றைக் கீழே தருகிறேன்.

1. பொருளை எளிதாக்குதல். கடினமான பந்துக்குப் பதில் காற்றடைத்த பலூன், மென்பந்து, செய்தித்தாளைக் கசக்கிக் கட்டிய பந்து ஆகியவற்றில் தொடங்கலாம். பலூன் மெதுவாக இறங்கும், பட்டால் வலிக்காது. கண் திறந்தே இருக்கும்.

2. முயற்சிகளைப் பெருக்குதல். ஒரே வரிசையைக் கலைத்து, இருவர் இருவராகப் பிரித்தால் ஒவ்வொருவரும் பலமுறை முயல்வர். முப்பது பேர் பார்க்க ஒருவர் தவறும் நிலையும் மறையும்.

3. அணி பிரிக்கும் முறையை மாற்றுதல். இரு தலைவர்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுப்பதைக் கைவிடலாம். கடைசியாக மிஞ்சும் பிள்ளைக்கு அது வாரந்தோறும் வழங்கப்படும் தீர்ப்பு. எண் சொல்லியோ வண்ணத் துண்டு கொடுத்தோ பிரிக்கலாம்.

4. கவனத்தை உடலிலிருந்து வெளியே திருப்புதல். வுல்ஃப் முதலியோர் 1998இல் பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியைக் கொண்டு பெரியவர்களிடம் நடத்திய ஆய்வில், தம் கால்களைக் கவனித்தவர்களைவிடக் கருவியின் சக்கரங்களைக் கவனித்தவர்கள் நன்றாகக் கற்றனர். “முழங்கையை மடக்கு” என்பதற்குப் பதில் “அந்த வளையத்திற்குள் விழ எறி” எனலாம். தன் உடலையே பார்த்துக் கூசும் பிள்ளைக்கு இது பெரிய விடுதலை.

5. தேர்வுரிமை தருதல். எவ்வளவு தூரத்திலிருந்து எறிவது, எந்தப் பந்தை எடுப்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். வெற்றி கிட்டும் என்ற எதிர்பார்ப்பு, சுயதேர்வு, வெளிநோக்கிய கவனம் ஆகிய மூன்றும் உடலியக்கக் கற்றலுக்குத் துணை செய்கின்றன என்று வுல்ஃபும் லூத்வெயிட்டும் 2016இல் எடுத்துரைத்தனர்.

6. திருத்தத்தை அருகில் சென்று சொல்லுதல். திடலின் மறுகோடியிலிருந்து கூவும் திருத்தம் அனைவருக்கும் கேட்கும். உரியவருக்கு மட்டும் உறைக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் சில பிள்ளைகள் தடுமாறலாம். பள்ளி வயதினரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு, வேறு நோய் எதுவுமின்றியே உடலசைவுகளை ஒருங்கிணைப்பதில் வளர்ச்சி சார்ந்த சிக்கல் உண்டு என மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. முப்பது பேர் கொண்ட வகுப்பில் ஒருவரோ இருவரோ அப்படி இருக்கலாம். அவர்களைச் சோம்பேறி என்றோ கவனக்குறைவானவர் என்றோ முத்திரை குத்தாமல், பெற்றோரிடம் பேசி மருத்துவரிடம் அனுப்புவதே முறை.

முடிவுரை

1998ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடைபெற்ற காமன்வெல்த் போட்டியில் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் வேகநடையில் தங்கம் வென்றதையும், 2019 சீ விளையாட்டுப் போட்டியில் எஸ். கிஷோனா பூப்பந்தில் தங்கம் வென்றதையும் நாம் பெருமையோடு பேசுகிறோம், பேச வேண்டும். ஆயினும், ஒரு சமுதாயத்தின் உடல்நலம் வெற்றி மேடையில் நிற்பவர்களால் மட்டும் அமைவதில்லை. எட்டு வயதில் திடலை விட்டு விலகிய பிள்ளை பதினைந்து வயதில் தானாகத் திரும்பி வருவது அரிது. நாற்பது வயதில் மருத்துவர் “தினமும் நடங்கள்” என்று சொல்லும்போது, அவ்வுடலுக்கு அசைவு என்பது பழைய அவமானத்தின் பெயராக இருக்கும்.

ஆசிரியர்களாகப் போகும் நண்பர்களே, அடுத்த முறை உடற்கல்விப் பாடத்தில் நிற்கும்போது நன்றாக விளையாடுபவர்களைச் சற்று நேரம் மறந்துவிடுங்கள்; அவர்கள் நீங்கள் இல்லாமலும் விளையாடுவார்கள். திடலோரத்தைப் பாருங்கள். அங்கே நிற்கும் பிள்ளையிடம், அது பிடிக்கக்கூடிய ஒரு பந்தோடு செல்லுங்கள். கற்பித்தல் அங்கிருந்து தொடங்கட்டும்.